தரமுயர்த்த வேண்டியது எதனை?

பத்திரிகைத் துறையில் நான் கழித்த முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் மிக அதிக தடவை எழுதிய செய்தி எதுவென்று யாரேனும் கேட்டால் தயக்கமின்றிச் சொல்வேன்: "வைத்தியசாலையைத் தரமுயர்த்துமாறு பொதுமக்கள் கோரிக்கை." ஊரின் பெயர் மட்டும் மாறும். இந்த வாரம் நிந்தவூர், அடுத்த வாரம் பாலமுனை, அதற்கடுத்து இறக்காமம். மகஜர் கையளிக்கப்படும். பெற்றுக்கொண்ட அரசியல்வாதி விரைவில் ஆவன செய்வதாக வாக்களிப்பார். இரண்டு வருடங்கள் கழித்து அதே ஊரிலிருந்து அதே செய்தி மீண்டும் வரும். கொழும்பில் செய்தி மேசையில் அமர்ந்திருந்த காலத்தில், பிரதேச நிருபர்கள் அனுப்பிய இவ்வகைச் செய்திகளுக்குத் தலைப்பிட நான் ஒரு கணமும் சிந்தித்ததில்லை. கை தானாகவே எழுதிவிடும்.

அச்செய்திகள் பொய்யானவை அல்ல. எனினும் அவற்றிலுள்ள ஒரு சொல்லை, எழுதியவர்களும் வாசித்தவர்களும் வாக்களித்தவர்களுமாக நாம் எல்லோரும் சேர்ந்து குறுக்கிவிட்டோம் என்று இப்போது எண்ணுகிறேன். 'தரம்' என்பதே அச்சொல். நமது நாட்டில் வைத்தியசாலையின் தரம் என்றால் பெயர்ப்பலகையிலுள்ள தரம் என்றே பொருள். ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகு, அதற்கு மேல் ஏ, பி, சி என்ற வகைகளுடன் பிரதேச வைத்தியசாலை, அதற்கு மேல் ஆதார வைத்தியசாலை, அப்பால் மாவட்டப் பொது வைத்தியசாலை, போதனா வைத்தியசாலை என்று படிகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவதையே தரமுயர்தல் என்கிறோம். ஆனால் அந்தப் பலகையைக் கடந்து உள்ளே சென்று வைத்தியரின் மேசைக்கு முன்னால் ஒரு நோயாளி அமரும்போது அவருக்குக் கிடைக்கும் கவனிப்புக்கும் தரம் என்ற ஒன்று உண்டு. அதனைப் பற்றி நான் ஒரு செய்தியேனும் எழுதியதாக நினைவில்லை.

இந்தத் தெளிவு எனக்கு நூல்களின் வழியாக வரவில்லை. என் ராத்தாவின் வழியாக வந்தது.

எங்கள் கரையோர வழக்கப்படி உம்மாவின் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. ஆகவே ஒலுவிலில் நாங்கள் பிறந்து வளர்ந்த வளவில் இன்றும் இருப்பவர் ராத்தா. நான் பெருநாளுக்கும் மையித்துக்கும் வந்துபோகும் விருந்தாளி. ராத்தாவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினைந்து வருடங்களாகின்றன. பிரஷரும் உண்டு. மாதம் ஒருமுறை இக்கரையோரத்து அரச வைத்தியசாலை ஒன்றின் கிளினிக்குக்குப் போவார். சுபஹுத் தொழுதுவிட்டு ஆட்டோவில் ஏறினால், நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, வைத்தியரைக் கண்டு, மருந்து வாங்கி வீடு திரும்ப லுஹர் ஆகிவிடும். இடையில் தலைச்சுற்றோ கால் விறைப்போ கண்டால், மாலையில் தனியார் டிஸ்பென்சரி ஒன்றுக்குப் போவார். இவ்விரண்டு இடங்களின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. நான் சொல்லவரும் குறை தனியொரு வைத்தியசாலையுடையதோ தனியொரு வைத்தியருடையதோ அன்று என்பதே அதற்குக் காரணம்.

சில வருடங்களுக்கு முன், நோன்பு மாதத்தின் முதற் கிழமை. அஸர் தொழுகைக்குப் பின்னர் ராத்தாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. பேச்சுக் குழறத் தொடங்கியது. நோன்புக் களைப்பு என்றே வீட்டார் நினைத்தனர். நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணித்தியாலந்தானே என்று படுக்கையில் கிடத்தி விசிறிக்கொண்டிருந்தனர். அடுத்த வளவில் தாதியாகப் பணிபுரியும் பிள்ளை ஒருத்தி தற்செயலாக வந்திராவிட்டால் அந்த ஒன்றரை மணித்தியாலம் எவ்வாறு முடிந்திருக்கும் என்று எண்ண எனக்கு இன்றும் அச்சமாக இருக்கிறது. அவள் வந்த மாத்திரத்தில் நிலைமையைப் புரிந்துகொண்டு, விழுங்கும் நிலையில் ராத்தா இருக்கிறார் என்று உறுதிசெய்து, சீனி கரைத்த தண்ணீரைப் பருகக் கொடுத்து, ஆட்டோவை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றாள். இரத்தத்தில் சீனி கூடியதால் வந்த ஆபத்து அன்று அது. மிகக் குறைந்ததால் வந்தது.

செய்தி கேட்டு இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தேன். ராத்தாவின் மருந்துப் பையை வாங்கி மேசையில் கொட்டினேன். பதினொரு உறைகள். அரச வைத்தியசாலையின் காகித உறைகளில் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்பதற்கான கோடுகள் இருந்தன. டிஸ்பென்சரியின் பொலித்தீன் உறைகளில் அதுவும் இல்லை. எந்த உறையிலும் மருந்தின் பெயர் இல்லை. ராத்தா அவற்றைத் தன் வழியில் அடையாளம் வைத்திருந்தார்: சின்னது, கோடு போட்டது, கசக்கிறது, மஞ்சள். எனக்குத் தெரிந்த மருந்தாளர் ஒருவரிடம் அவற்றைக் கொண்டுசென்றேன். அவர் இரண்டு உறைகளை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். வைத்தியசாலை தந்த 'சின்னது'வும் டிஸ்பென்சரி தந்த 'கோடு போட்டது'வும் ஒரே மருந்து. இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட். கம்பனி மட்டும் வேறு. ராத்தா ஒரே மருந்தை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டு, பகல் முழுவதும் உண்ணாமலும் பருகாமலும் இருந்திருக்கிறார்.

நடந்தது மிக எளிமையானது. கிளினிக்கில் சீனி கூடியிருப்பதைக் கண்டு வைத்தியர் மருந்தை அதிகரித்தார். அது சரியான முடிவு. இரண்டு வாரம் கழித்து டிஸ்பென்சரி வைத்தியரும் சீனி கூடியிருப்பதாகக் கூறும் பழைய பரிசோதனைத் துண்டைப் பார்த்து ஒரு மருந்தைச் சேர்த்தார். அவருக்குத் தெரிந்த அளவில் அதுவும் சரியான முடிவு. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. நோன்பு வருகிறது என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் ராத்தா நோன்பு பிடிக்கப்போகிறாரா என்று இருவரும் கேட்கவில்லை. கேட்க நேரமிருந்ததா என்பது வேறு கேள்வி.

ராத்தாவிடம் கிளினிக் கொப்பி இருந்தது. அதில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. அந்தக் கொப்பியை அவர் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனதே இல்லை. "அது ஆஸ்பத்திரிக் கொப்பியல்லவா, தம்பி. அதை இங்கே காட்டினால் இவர் ஏசுவார். இங்கே போனது தெரிந்தால் அங்கே ஏசுவார்கள்" என்றார். டிஸ்பென்சரியில் எழுத்து என்று எதுவுமே இல்லை. பிறகு சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு ராத்தா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு டொக்டரும் நல்ல டொக்டர்தானே, தம்பி?"

நல்ல வைத்தியர்கள்தாம். அதனாலேயே இந்த விடயம் என்னை இவ்வளவு தூரம் துன்புறுத்துகிறது. கெட்ட வைத்தியர் ஒருவரால் நேர்ந்த தவறென்றால் ஒரு முறைப்பாட்டோடு முடித்துவிடலாம். இரண்டு நல்ல வைத்தியர்களுக்கு இடையில் ஒரு நோயாளி விழுந்துவிடும்போது யாரிடம் முறையிடுவது?

அரச வைத்தியசாலையில் கவனிப்புக் குறைவு, காசு கொடுத்தால் நல்ல மருத்துவம் என்ற நம்பிக்கை நம்மவரிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. இந்நம்பிக்கையைப் பரிசோதித்த ஆய்வொன்று 2015ஆம் ஆண்டு வெளியானது. கொழும்பிலுள்ள சுகாதாரக் கொள்கை நிறுவனத்தைச் சேர்ந்த ரவி ரன்னன் எலியவும் அவரது குழுவினரும் இலங்கையின் அரச, தனியார் வெளிநோயாளர் சிகிச்சையை நேரில் அவதானித்து ஒப்பிட்டனர். நோயை இனங்காண்பதிலும் சிகிச்சையளிப்பதிலும் இரு துறைகளும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதை அவர்கள் கண்டனர். தனியார் துறை எங்கே முன்னின்றது? நோயாளியுடன் செலவிடும் நேரத்தில், விளக்கமும் அறிவுரையும் சொல்வதில், முகங்கொடுத்துப் பேசுவதில். சிந்தித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. காலையில் அரச வைத்தியசாலையில் இருப்பவரும் மாலையில் டிஸ்பென்சரியில் இருப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. கடமை நேரத்துக்குப் புறம்பாகத் தனியார் தொழில் செய்ய அரச வைத்தியர்களுக்கு 1977 முதல் அனுமதி உண்டு. மாலையில் நாம் காசு கொடுத்து வாங்குவது அதே வைத்தியரின் சில நிமிடங்களைத்தான்.

அந்த நிமிடங்களின் கணக்கையும் பார்ப்போம். காலை 8 மணி முதல் 12 மணி வரை ஒரு வைத்தியர் எழும்பாமல் இருந்து 100 நோயாளரைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 2 நிமிடமும் 24 வினாடியும். அதற்குள் பெயர் கேட்டு, வருத்தம் கேட்டு, பிரஷர் பார்த்து, துண்டு எழுதி முடித்தாக வேண்டும். இது நமக்கு மட்டும் உரிய துயரமன்று. 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழொன்றில் வெளியான கட்டுரையின்படி, முதல்நிலை வைத்தியர் ஒரு நோயாளியுடன் செலவிடும் சராசரி நேரம் பங்களாதேசத்தில் 48 வினாடி, சுவீடனில் 22 நிமிடம் 30 வினாடி. உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில் அது ஐந்து நிமிடமோ அதற்குக் குறைவோ ஆகும். சுவீடனின் நிமிடங்களை ஒலுவிலுக்குக் கொண்டுவர எந்த அமைச்சராலும் இயலாது. ஆனால் கிடைக்கும் இரண்டரை நிமிடத்தை எதில் செலவிடுவது என்பது நம் கையில் உள்ளது. நோயாளி யார், அவருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து எடுக்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கேட்டறிய வேண்டியிருந்தால், வைத்தியம் செய்ய நேரம் எஞ்சாது. அவை முன்பே தெரிந்திருந்தால் அதே இரண்டரை நிமிடம் போதிய அளவு நீளும்.

என் சிறுபராயத்தில் இப்பகுதியில் அப்போதிக்கரி ஒருவர் இருந்தார். பெரிய பட்டங்கள் எவையும் அவருக்கு இல்லை. வாப்பாவுக்கு முட்டு, உம்மாவுக்கு இரத்தக் குறைவு, எனக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாசலில் நுழையும்போதே "இரவு தூங்கினாரா?" என்று வாப்பாவைப் பற்றி உம்மாவிடம் கேட்பார். அவருக்குக் கைராசி என்று ஊர் சொல்லும். இன்றும் வைத்தியரைப் பற்றிப் பேசினால் நம்மவர் முதலில் சொல்வது கைராசியைத்தான். கைராசி தேடி அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் அலைகிறோம். ஒருவரின் மருந்து மூன்று நாளில் கேட்காவிட்டால் நான்காம் நாள் வேறொருவரிடம் போகிறோம். அந்த அப்போதிக்கரியின் கையில் இருந்த ராசி என்னவென்று வயது போன பிறகே எனக்கு விளங்கியது. அவர் எங்களை அறிந்திருந்தார். அவ்வளவுதான்.

இதனை ஒரு கிழவனின் பழைய நினைவு என்று ஒதுக்கிவிட வேண்டாம். நோர்வே நாட்டில் ஏறக்குறைய 45 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஒரே குடும்ப வைத்தியரிடம் பதினைந்து வருடங்களுக்கு மேல் சென்றவர்களை, ஒரு வருடம் மட்டும் சென்றவர்களுடன் ஒப்பிட்டது. முன்னவர்களிடையே அவசர வைத்தியசாலை அனுமதியும் மரணமும் கால் பங்கு அளவில் குறைந்து காணப்பட்டன. எந்த மாத்திரைக்கு இத்தகைய பலன் இருந்தாலும் அதன் விலை வானைத் தொட்டிருக்கும். வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே இடத்தில் பணிபுரிந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வைத்தியர், வந்த நோயாளியை மட்டும் பார்ப்பதோடு நிற்காமல், கிராமத்தின் வளர்ந்தோர் எல்லோருடைய பிரஷரையும் அளந்து குறித்து வைத்துத் தொடர்ந்து கவனித்தார். நல்ல மருத்துவம் யாருக்கு மிக அதிகம் தேவையோ அவர்களுக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதி, உலக மருத்துவ வட்டாரத்தில் நிலைத்த பெயர் பெற்றவரும் அவரே. அவரது கருவிகள் பிரஷர் பார்க்கும் பட்டியும் பேனாவும் பதிவேடும்தாம்.

அயல்நாட்டு உதாரணங்கள் நமக்கு எதற்கு என்று கேட்போருக்கு நம் நாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. அது நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அந்த மரபில் வளர்ந்ததே இன்று ஒவ்வொரு பிரதேசத்திலும் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. அதன் மருத்துவமாதுவுக்குத் தன் பிரிவிலுள்ள வீடுகள் தெரியும். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தப் பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்பது அவரது பதிவேட்டில் இருக்கும். தாய்க்கு ஓர் அட்டை, பிள்ளைக்கு ஒரு வளர்ச்சிப் பதிவேடு. அந்தப் பதிவேட்டைத் தாய்மார் காணி உறுதிபோலப் பாதுகாக்கிறார்கள். பிள்ளையை எந்த வைத்தியரிடம் கொண்டுபோனாலும் அதுவும் கூடவே போகும். பிரசவத்தில் தாய் இறப்பதைத் தென்னாசியாவிலேயே மிகக் குறைந்த மட்டங்களில் ஒன்றுக்கு இலங்கை கொண்டுவந்ததற்குப் பெரிய கட்டடங்கள் மட்டும் காரணமல்ல. இந்தப் பதிவேடும் அதைச் சுமந்து வெயிலில் நடந்த பெண்களும் பெருங் காரணம்.

ஒலுவிலில் பிறக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்தக் கவனிப்பு, அதே வீட்டில் இருக்கும் மூத்தம்மாவுக்கு ஏன் கிடைப்பதில்லை? அன்று தாயையும் சேயையும் காப்பதே நாட்டின் முதற் தேவையாயிருந்தது. அதற்கேற்ற ஏற்பாடு செய்யப்பட்டது. இன்று இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் எட்டுக்கு மேற்பட்டவை சீனி, பிரஷர், மாரடைப்பு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. இவை ஒருநாள் வந்து ஒருநாள் போகும் காய்ச்சல்கள் அல்ல. இருபது முப்பது வருடங்கள் உடனிருப்பவை. வருத்தம் நீண்டதாகிவிட்டது. கவனிப்பு மட்டும் இன்னும் ஒருநாள் துண்டாகவே இருக்கிறது. 2011 முதல் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இந்நோய்களை முன்கூட்டியே கண்டறிவதற்கானவை. அங்கே போவோரில் பெரும்பாலோர் பெண்கள். நம் ஆண்களுக்குத் தேநீர்க் கடையில் வைத்தியசாலையைப் பற்றி விவாதிக்க நேரமுண்டு. அங்கே போய் ஒருமுறை பிரஷர் பார்க்க நேரமில்லை.

மீண்டும் 'தரமுயர்த்தல்' விடயத்துக்கு வருகிறேன். நியாயமாகப் பேச வேண்டுமானால், அக்கோரிக்கையில் பொருள் இல்லாமல் இல்லை. எத்தனை வைத்தியர், எத்தனை தாதியர், விசேட வைத்திய நிபுணர் உண்டா இல்லையா என்பதெல்லாம் வைத்தியசாலையின் வகையைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகின்றன. சத்திரசிகிச்சைக்கும் சிக்கலான பிரசவத்துக்கும் நிபுணர் வேண்டும். அவற்றுக்கு அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஆனால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான இந்தக் குறுகிய கரையோரத்தில் ஒவ்வோர் ஊரும் தன் வைத்தியசாலையை அடுத்த ஊரின் வைத்தியசாலைக்கு நிகராக்கக் கோருவதில், நோயாளியின் தேவையைவிட ஊரின் மானமே அதிகம் பேசுகிறது. என் ராத்தாவின் நோய்க்கு விசேட நிபுணர் மாதந்தோறும் தேவையில்லை. அவரை அறிந்த ஒரு வைத்தியரும், உண்மையை எழுதிய ஒரு கொப்பியும், பெயர் எழுதிய ஒரு மருந்து உறையும் போதும்.

கட்டடத்தையும் பலகையையும் நம்பினால் என்னவாகும் என்பதை ஒலுவில் மக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013இல் பெருவிழாவாகத் திறக்கப்பட்ட துறைமுகம் நம் கண் முன்னே இருக்கிறது. அதன் வாயிலை மணல் மூடியது. கரையைக் கடல் அரித்தது. மீனவரின் வாழ்வு அல்லலுற்றது. கட்டி முடிப்பதும் பயன்படுவதும் ஒன்றல்ல என்ற பாடத்தை இவ்வளவு விலை கொடுத்துப் படித்த ஊர் வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை.

நோயாளரைப் பதிவுசெய்து தொடர்ந்து கவனிக்கும் முறையொன்று அரசின் திட்டங்களிலேயே இருக்கிறது என்பதும் குறிப்பிடத்தக்கது. 2018இல் உலக வங்கியின் 200 மில்லியன் டொலர் நிதியுதவியுடன் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பைப் பலப்படுத்தும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. சிறிய வைத்தியசாலைகளை மக்களின் முதற் கதவாக ஆக்குவதே அதன் நோக்கம். பிறகு பெருந்தொற்று வந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மருந்துகள் தட்டுப்பட்டன. வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். வைத்தியர் குறைந்த நாட்டில், வருடாந்த இடமாற்றத்தில் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும் வைத்தியசாலையில், எழுத்தில் உள்ள நினைவு முன்னரைவிட இன்றியமையாதது. சிங்களம் மட்டும் பேசும் இளம் வைத்தியர் ஒருவர் நம் பகுதிக்கு நியமனம் பெற்று வருகிறார். அவர் அக்கறையோடு பணிபுரிகிறார். ஆயினும் சிற்றூழியர் ஒருவரின் மொழிபெயர்ப்பில் பதினைந்து வருட வருத்தத்தைச் சொல்லி முடிக்க முடியுமா? ஒழுங்காக எழுதப்பட்ட கொப்பி அங்கேயும் பேசும்.

மருந்தின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். பேராசிரியர் செனக பிபிலே நம் நாட்டவர். கம்பனிகள் சூட்டும் வணிகப் பெயர்களால் மயங்காமல் மருந்தை அதன் பொதுப் பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று வாதாடி, 1971இல் அரச மருந்துகள் கூட்டுத்தாபனம் அமையக் காரணமாயிருந்தவர். வளர்முக நாடுகள் பலவற்றுக்கு வழிகாட்டியவர். அவர் பிறந்த நாட்டில், வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளும் மருந்தின் எந்தப் பெயரையும் அறியாமல் 'சின்னது', 'கோடு போட்டது' என்று ஒரு பெண் அடையாளம் வைத்திருக்க வேண்டியிருப்பது வெட்கத்துக்குரியது.

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களுக்கும் ஒன்று கூற விரும்புகிறேன். இலண்டனிலோ ஒஸ்லோவிலோ வாழ்வோருக்கு நான் எழுதுவது புதுமையாக இராது. அங்கே நீங்கள் ஒரு வைத்தியரிடமோ வைத்திய நிலையத்திலோ பதிவுபெற்றிருக்கிறீர்கள். உங்கள் பதிவும் உங்களைத் தொடர்ந்து வருகிறது. ஒரே வைத்தியரைக் காண்பது இப்போது அரிதாகிவிட்டது என்ற முறைப்பாடு பிரித்தானியாவிலும் எழுந்திருப்பதை அறிவேன். எனினும் உங்கள் மருந்துப் பட்டியல் கணினியிலாவது இருக்கிறது. ஊரில் உள்ள தாய் தந்தையருக்கு அதுவும் இல்லை. வளைகுடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஊர் வைத்தியசாலைக்கு இயந்திரங்கள் வாங்கி அனுப்பும் நல்ல மனங்கள் பல உள. அவர்களை வணங்குகிறேன். அடுத்த முறை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது "மருந்து எடுத்தீர்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "என்ன மருந்து? பெயரை வாசியுங்கள்" என்று கேளுங்கள். வாசிக்க முடியாவிட்டால், அங்கேதான் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

செய்யக்கூடியவை என்று நான் கருதுவன நான்கு. முதலாவது, நீடித்த நோயுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரே கொப்பி. அரச கிளினிக்கும் தனியார் டிஸ்பென்சரியும் அதிலேயே எழுதவேண்டும். நோயாளியும் வெட்கமின்றி இரண்டு இடத்திலும் அதனைக் காட்டவேண்டும். அதற்காக யாரும் யாரையும் ஏசக்கூடாது. இரண்டாவது, எந்த உறையானாலும் மருந்தின் பொதுப் பெயரும் அளவும் தமிழில் எழுதப்பட வேண்டும். எழுதித் தராத இடத்தில் எழுதித் தருமாறு கேட்க நமக்கு உரிமை உண்டு. மூன்றாவது, இயன்ற இடங்களில் கிளினிக் நாட்களை ஊர்ப் பிரிவுகளின்படி வகுத்து, ஒரு பிரிவின் நோயாளரை இயன்றவரை ஒரே வைத்தியர் பார்க்கச் செய்யவேண்டும். நான்காவது, நோன்புக்கு முந்திய ஆலோசனை. சர்வதேச நீரிழிவு சம்மேளனம் வெளியிட்ட ரமழான் வழிகாட்டி, நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரே சீனி நோயாளர் தம் வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. எனினும் நம் தாய்மார் அச்சலுகையை எளிதில் ஏற்பதில்லை. ரஜப் மாதத் தொடக்கத்திலேயே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல் செய்தால் எத்தனை வீடுகளில் எத்தனை ராத்தாமார் காப்பாற்றப்படுவர்!

இவற்றுள் எதற்கும் அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை. அடிக்கல்லும் நாடாவும் தேவையில்லை. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டாலே தொடங்கிவிடலாம். படமெடுக்க எதுவும் இல்லாததால் பத்திரிகையில் செய்தியாக வராது என்பதுதான் இதிலுள்ள ஒரே இடர். அப்படி வராமற்போனதற்கு என் போன்றோரும் பொறுப்பு. தரமுயர்த்தல் செய்திகளுக்கு நான் கொடுத்த பத்திகளில் ஒன்றையேனும் ஒரு மருந்து உறைக்குக் கொடுத்திருக்கலாம்.

அந்த நோன்பு முடிந்து நான் கொழும்பு திரும்புமுன் ஒலுவில் சந்திக் கடையில் 80 பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்கி, முதற் பக்கத்தில் ராத்தாவின் பெயர், வயது, வருத்தங்கள், மருந்துகள், ஒவ்வொன்றும் எதற்கு என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோக அவர் அஞ்சினார். பேத்தியின் கையில் கொடுத்துக் கூட்டிச்சென்றார். வைத்தியர் ஏசவில்லை. வாங்கி வாசித்தார். ஒரு மருந்தை வெட்டினார். இன்னொன்றின் அளவைத் திருத்தினார். பிறகு தன் கைப்பட ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டார். ராத்தா அன்றிரவு எனக்குத் தொலைபேசியில் சொன்ன முதற் செய்தி அதுதான்: "டொக்டர் கொப்பியிலே எழுதினார், தம்பி."

அந்தக் கொப்பியில் இப்போது பாதிப் பக்கங்கள் நிரம்பிவிட்டன.